தூக்குமரச் சந்தில் அலறல் குறைந்தபோது

இமெல்டா சவாலாவுக்குப் பகலில் நாய் குளிப்பாட்டும் வேலை. செப்டம்பர் கடைசியிலிருந்து ஹாலோவீன் என்கிற பேய்த் திருநாள் முடியும்வரை சாயங்காலத்தில் பேய் வேலை. இரண்டும் ஒன்றுதான் என்பாள்.

“எதிர்ல நிக்கிறது அடுத்து என்ன பண்ணும்னு நமக்கு முன்னாடியே தெரியணும். கடிக்குமா, ஓடுமா, நின்ன இடத்துலயே மூத்திரம் போயிடுமா. அவ்வளவுதான் தொழில்.”

அவள் கணவன் இக்னாசியோ லாரி ஓட்டுகிறவன். அவன் கணக்கு வேறு. “வீட்டுல கத்துறதுக்கு யாரும் சம்பளம் தர்றதில்ல, அங்க தர்றாங்க. அதுக்குத்தான் போறா.”

மெஸ்கீட் ஸ்பிரிங்ஸ் பூங்கா ரிவர்சைடுக்குக் கிழக்கே, காய்ந்த மலைகளின் அடியில் இருக்கிறது. மற்ற மாதங்களில் ரோலர் கோஸ்டரும், எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவிய சுரோவும்தான் அங்கே விசேஷம். அக்டோபர் நெருங்கினால் பொழுது சாயும்போது புகையைத் திறந்துவிடுவார்கள். பூங்கா முழுக்கப் பேய் வேஷக்காரர்கள் இறங்கிவிடுவார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வருஷ பாஸ் வாங்கி வைத்துக்கொண்டு வாராவாரம் வருவார்கள்.

இமெல்டாவின் இடம் தூக்குமரச் சந்து. பழைய கௌபாய் ஊர் போலக் கட்டிய குறுகலான தெரு. இருபுறமும் மரத்தால் செய்த கடைகள்: வங்கி, சவப்பெட்டிக் கடை, சாராயக்கடை. முகப்பு மட்டும்தான் கடை. பின்னால் பேய்கள் நடமாட இருட்டான ஒரு நடை. கூட்டம் ராட்டினத்துப் பக்கமாக நுழையும். மறுமுனையில் குட்டி ரயிலின் தண்டவாளத்தைத் தாண்டி வெளியேறும். ரயில் வரும்போது கேட்டை இறக்குவார்கள், போனதும் தூக்குவார்கள். வேறு வழி கிடையாது.

வங்கியின் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் அவள் நிற்பாள். கறுப்பு முக்காடு, கண்ணுக்குக் கீழே அழுகித் தொங்குவது போல ஒட்டிய ரப்பர் தோல், கையில் பூண் போட்ட தடி. வேஷத்தின் பெயர் ‘விதவை’. கத்துவது, குதிப்பது எதுவும் அவளிடம் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள். கூட்டத்தில் யாராவது யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிடித்துக்கொள்வாள். அந்த ஆள் ஜன்னலுக்கு நேரே வரும்போது கம்பிக்கு இடையில் முகத்தை வைத்து, ரொம்ப நாள் தெரிந்தவள் போல அந்தப் பெயரை மெல்லச் சொல்வாள். பெரிய பெரிய ஆண்கள் காதலியைக் கீழே தள்ளிவிட்டு ஓடியிருக்கிறார்கள். விதவையைப் பார்க்கவே வருகிறவர்கள் உண்டு. அவள் முகத்தைத் தோளில் பச்சை குத்திக்கொண்ட ஒருவன்கூட உண்டு.

புதிதாகப் பேய் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஆகஸ்டில் பயிற்சி கொடுப்பதும் அவள்தான். பூங்காவின் பின்பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில், கொளுத்தும் வெயிலில், எல்லோரையும் நிற்க வைத்து ஒரே ஒரு விதியை மண்டையில் ஏற்றுவாள். பயமுறுத்தினால் பின்னாலிருந்து பயமுறுத்து.

“முன்னாடி போய் நின்னு கத்தினீங்கன்னு வைங்க, ஆளு வந்த வழியே திரும்பி ஓடுவான். பின்னாடி வர்றவங்க மேல மோதுவான். சந்து அடைச்சுக்கும். பின்னாடி வந்து கத்து. தன்னால முன்னாடி ஓடுவான். பயந்தவன் காலு எப்பவும் தண்டவாளத்தைப் பார்த்துத்தான் ஓடணும். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது டீயா” என்பார்கள். அவர்கள் ஊர்ப் பேச்சில் அத்தை என்று அர்த்தம். சின்னவர்கள் எல்லோருக்கும் அவள் டீயாதான்.

அந்த விதியால்தான் தூக்குமரச் சந்தில் கூட்டம் தேங்கியதே இல்லை. மற்றப் பகுதிகளின் மேற்பார்வையாளர்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். இமெல்டா அதை வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டாள். ஆனால் அவர்கள் வந்து நிற்பது தெரிந்தால் முக்காட்டைக் கொஞ்சம் சரிசெய்துகொள்வாள்.

ஒரு வருஷம் ஹாலோவீனுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பாலைவனக் காற்று மலையிறங்கி வந்தது. மரக்கிளைகள் முறிந்து விழுந்தன, பூங்காவை மூடினார்கள். வெள்ளிக்கிழமை டிக்கெட்டைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். சனிக்கிழமை டிக்கெட்டுகளோ முன்பே விற்றுத் தீர்ந்திருந்தன.

சனிக்கிழமை காற்று அடியோடு நின்றுவிட்டது. இலை அசையவில்லை. இமெல்டா வரும்போது நெடுஞ்சாலையிலிருந்து பூங்காவுக்குப் பிரியும் வழியில் கார்கள் அசையாமல் நின்றன. ஜனங்கள் காரை ஓரத்தில் விட்டுவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். வருஷா வருஷம் அவர்கள் சிரித்துக்கொண்டு வருவதைத்தான் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு யார் முகத்திலும் சிரிப்பில்லை. ஏமாந்தது போதும், இன்றைக்காவது உள்ளே போயே தீருவது என்பது போல வந்தார்கள்.

வேஷம் போடும் கொட்டகையில் டேரில் பிக்கெட் எல்லோரையும் கூட்டினான். சந்துக்கு மேற்பார்வையாளர் அவன். ஐம்பதைத் தாண்டியவன், இடுப்பில் வாக்கி-டாக்கி, எப்போதும் வாயில் இருமல் மிட்டாய்.

“பேய் வீடுங்க எல்லாத்துலயும் வரிசை ராட்டினம் வரைக்கும் வந்தாச்சு. வரிசையில நிக்கப் பிடிக்காதவன் எல்லாம் நம்ம சந்துக்குத்தான் வருவான். இங்கதான் வரிசையே கிடையாதே. ஓட்டம் மட்டும் நிக்கக் கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க.”

“மேல இருக்கறவங்களை ஒரு நாள் கீழ வரச் சொல்லு டேரில். பேரு தெரிஞ்சா போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்” என்றாள் இமெல்டா.

கொட்டகை சிரித்தது. பாவ் மட்டும் முட்டியில் இரும்புத் தகட்டைக் கட்டிக்கொண்டே, “ராட்டினத்துப் பக்கம் பார்த்தியா டீயா? தரையே தெரியல. நான் எங்க சறுக்கறது?” என்றான்.

பாவ் வியட்நாமியக் குடும்பத்துப் பிள்ளை, பகலில் கார் மெக்கானிக். சந்தில் சறுக்குப் பேய்களுக்குத் தலைவன். ஓடிவந்து முட்டி போட்டுத் தரையில் சறுக்கிக்கொண்டு, தீப்பொறி பறக்க ஆட்களின் காலருகே வந்து நிற்பதுதான் சறுக்குப் பேயின் வேலை. அதற்குக் கொஞ்சமாவது வெறும் தரை வேண்டும்.

“இடம் இல்லன்னா இடத்தை உண்டாக்கு மகனே. உன்னைப் பார்த்தா தன்னால விலகுவாங்க” என்றாள்.

இருட்டிய கொஞ்ச நேரத்தில் சந்து நிரம்பிவிட்டது. காற்று இல்லாததால் புகை மேலே போகவில்லை, தோளுயரத்தில் தங்கிவிட்டது. ஜன்னலிலிருந்து பார்த்தால் தலைகள் மட்டும் மிதந்து போயின. வங்கிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. அலறல், சிரிப்பு, மறுபடி அலறல். “கரிசா, இங்க வாடி, என் கையைப் பிடிச்சுக்க” என்று ஒரு பெண் கத்தியது இமெல்டாவின் காதில் விழுந்தது. கரிசா என்பவள் ஆரஞ்சு நிறக் குல்லாய் போட்ட, இருபது வயசு மதிக்கத்தக்க பெண். ஜன்னலுக்கு நேரே வந்ததும் இமெல்டா கம்பிக்கு இடையில் சொன்னாள்.

“கரிசா. வந்துட்டியா.”

அந்தப் பெண் வீறிட்டாள். பிறகு தன்னையே நினைத்துச் சிரித்தாள். நல்ல பயம். இமெல்டா திரும்பி வேறு ஆளைத் தேடினாள்.

தண்டவாளத்தில் அப்போது என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியாது. கூட்டத்துக்குப் பயந்து சிலர் வேலி ஏறிக் குதித்துத் தண்டவாளத்தில் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். ஓட்டுநர் அவர்களைப் பார்த்து ரயிலை நிறுத்திவிட்டார். எஞ்சின் கேட்டைத் தாண்டிவிட்டது. பின்னால் இருந்த பெட்டிகள் சந்தின் வாயை அடைத்துக்கொண்டு நின்றன.

இமெல்டா மறுபடி ஜன்னலுக்கு வந்தபோது அதே ஆரஞ்சுக் குல்லாய் அங்கே இருந்தது. அந்த ஜன்னல் முன்னால் யாரும் இரண்டாம் முறை நிற்பதில்லை. சரி, பிடித்துப்போய் நிற்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து இன்னொரு தடவை பெயரைச் சொன்னாள். இந்தத் தடவை கரிசா கத்தவில்லை. கண் மட்டும் அவள் பக்கம் திரும்பியது.

ஒரே பயம் இரண்டு தடவை பலிக்காது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவர்களும் கத்தவில்லை. இமெல்டா காதைக் கொடுத்துக் கேட்டாள். ராட்டினத்துப் பக்கம் கூச்சல் இருந்தது. சந்தின் நடுவில் சத்தமே இல்லை. ஒலிபெருக்கியின் ஊளையும் சங்கிலி உரசலும்தான் கேட்டன.

அத்தனை வருஷத்தில் அவள் சந்து அப்படி அடங்கியதே இல்லை. பேய் வேலைக்காரர்கள் பயப்படுவது அந்த ஒன்றுக்குத்தான். அலறல் குறைந்தால் ஆட்டம் செத்துவிட்டது, பேய்கள் களைத்துவிட்டன என்று அர்த்தம். அவள் கற்றதும் அதுதான், கற்றுக்கொடுத்ததும் அதுதான். களைத்த பேய்களை எழுப்ப அவளிடம் ஒரு வழி இருந்தது. தடியைத் தூக்கி வங்கியின் தகரக்கூரையில் ஓங்கி ஓங்கி இடிப்பாள். ‘இன்னும் வேகமாக, எல்லோரும்’ என்று அதற்கு அர்த்தம்.

இடித்தாள்.

வாசல் பக்கத்துப் பேய்கள் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பின. சங்கிலியைச் சுழற்றிக்கொண்டு, தகரத்தை அறைந்துகொண்டு, விதி தவறாமல் பின்னாலிருந்து முன்னால் விரட்டின. இவ்வளவு நாள் பழக்கியது வீண்போகவில்லை. பின்னால் இருந்தவர்கள் சிரித்து அலறிக்கொண்டு முன்னால் பாய்ந்தார்கள்.

அந்தத் தள்ளு சந்து வழியாக வருவதை இமெல்டா பார்த்தாள். தலைகள் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்தன. பிறகு மொத்தமாக மறுபக்கம் சாய்ந்தன. யாரும் தன் காலால் அசைந்ததாகத் தெரியவில்லை. வங்கியின் பலகைச் சுவர் முனகியது. கரிசாவின் கன்னம் ஜன்னல் கம்பியில் வந்து ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் இமெல்டா அவள் உதட்டைப் பார்த்தாள். நீலம் பாரித்திருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. கத்துவதற்கு நெஞ்சு விரிய வேண்டும். நெஞ்சு விரிய அங்கே இடமில்லை.

இமெல்டா தடியைக் கீழே போட்டாள். கம்பிக்கு இடையில் கையை விட்டு அந்தப் பெண்ணின் தாடையைத் தூக்கிப் பிடித்தாள்.

“கரிசா, இங்க பாரு. முகத்தை மேல வெச்சுக்க. கையை நெஞ்சுக்கு முன்னாடி கொண்டு வா. முடிஞ்ச வரைக்கும். அப்படித்தான். நான் போய் நிறுத்திட்டு வர்றேன்.”

அழுகிய முகமுள்ள விதவை சொல்வதை நம்புவதா என்று அந்தக் கண்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு கை புகைக்குள்ளிருந்து மெல்ல மேலே வந்தது. கம்பியை இழுத்துப் பார்த்தாள் இமெல்டா. பேய்க்கடைதான் என்றாலும் கம்பி நிஜக் கம்பி. தாடையிலிருந்து கையை எடுத்தபோது கரிசாவின் கண் அவள் கையோடு வந்தது.

நடையில் ஓடினாள். டேரில் சவப்பெட்டிக் கடைக்குப் பின்னால் நின்று வாக்கி-டாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

“வெள்ளை விளக்கைப் போடு டேரில். புகையை நிறுத்து. உள்ள நசுங்கிக்கிட்டிருக்காங்க.”

“விளக்குப் போடணும்னா கட்டுப்பாட்டு அறை சொல்லணும். லைன் கிடைக்கவே மாட்டேங்குது, எல்லாரும் ஒரே நேரத்துல...”

“கேட்டுக்கிட்டே இரு. கேட்டுக்கிட்டே போடு.”

அவன் சுவரில் இருந்த ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தான். வாயிலிருந்த மிட்டாயைத் துப்பிவிட்டு விசைப்பெட்டி இருக்கும் கோடிக்கு ஓடினான்.

இமெல்டா ராட்டினத்துப் பக்கத்து வாசலுக்கு வந்தாள். நுழைகிறவர்களை நிறுத்தாமல் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு வராது. அதுவரை அவள் யோசித்தது சரிதான். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவில் போய் நின்றாள்.

“விதவைடா! விதவை வெளிய வந்துட்டா!”

யாரோ கத்தினார்கள். போன்கள் எல்லாம் ஒன்றாக மேலே எழுந்தன. பக்கத்து வரிசைகளில் நின்றவர்கள் வரிசையை விட்டு ஓடிவந்தார்கள். வருஷக்கணக்காக ஜன்னலுக்குள் மட்டும் பார்த்த விதவையைக் கிட்டத்தில் பார்க்கப் பின்னாலிருந்தவர்கள் எக்கினார்கள், நெருக்கினார்கள்.

“திரும்பிப் போங்க! உள்ள இடமில்ல!”

“செமயா பண்றா பாரு” என்றான் ஒருவன் தன் மனைவியிடம். “இன்னொரு தடவை சொல்லு விதவை, வீடியோ சரியா வரல.”

அவள் முக்காட்டைக் கழற்றி எறிந்தாள். ரப்பர் தோலைப் பிடித்து இழுத்தாள். பசையோடு சேர்ந்து புருவ மயிரும் வந்தது. உள்ளேயிருந்து சாதாரண முகம் வந்தது. நாற்பது வயசைத் தாண்டிய, வியர்த்த, தடித்த முகம். முன்வரிசையில் போன்கள் கொஞ்சம் இறங்கின.

அதைக் கவனித்தாள். பயத்துக்கும் இவர்கள் வருகிறார்கள், கெஞ்சலுக்கும் வருகிறார்கள். பார்க்க ஒன்றுமில்லை என்றால் மட்டும்தான் வர மாட்டார்கள்.

“பாவ்! எல்லாரையும் கூப்பிடு. முகமூடியைக் கழட்டச் சொல்லு. குப்பை வண்டியை எடுத்துட்டு வந்து குறுக்கே போடு.”

“கழட்டினா வேலை போயிடும் டீயா.”

“கழட்டுடா மகனே!”

சறுக்குப் பேய்கள் ஒவ்வொன்றாக முகமூடியைக் கழற்றின. பெரிய குப்பை வண்டி வாசலுக்குக் குறுக்கே வந்து நின்றது. அதன் முன்னால் பேய்களை நிறுத்தி, “தண்ணியைக் குடிங்க. கழுத்தைச் சொறிங்க. எவனும் அவங்களைப் பார்க்காதீங்க” என்று இமெல்டா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அப்படியே செய்தார்கள். ஒருத்தி பாட்டிலைத் திறந்து குடித்தாள். பாவ் முட்டித் தகட்டை அவிழ்த்து உள்ளே கையை விட்டுச் சொறிந்தான்.

அந்த நேரம் தலைக்கு மேல் வெள்ளை விளக்குகள் எரிந்தன. ஊளைச் சத்தம் நின்றது. விளக்கில் எல்லாம் வெளுத்துப்போயின: சாயம் உரிந்த பலகைகள், புகைக்குழாய்கள், தரையெங்கும் மிதிபட்ட சுரோக்கள்.

“அவ்வளவுதானா?” என்றது ஒரு குரல்.

“முடிஞ்சுபோச்சு போல. வா, வேற பக்கம் போலாம்.”

பின்வரிசை முதலில் கலைந்தது. திட்டிக்கொண்டே போனார்கள். டிக்கெட்டுக்குப் பணம் திரும்பி வருமா என்று கேட்டார்கள். இமெல்டா குப்பை வண்டியைத் தள்ளிவிட்டு, உள்ளே கடைசியாய் நின்றவர்களை ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு வெளியே எடுத்தாள். ஒரு வரிசை வந்தால் அடுத்த வரிசைக்குக் கால் வைக்க இடம் கிடைத்தது. அதற்கு மேல் வேகப்படுத்த வழியில்லை.

வங்கியை எட்டியபோது ஆரஞ்சுக் குல்லாய் தெரியவில்லை. தலைகளுக்கு இடையில் தேடினாள். குனிந்து பார்த்தபோது ஜன்னலுக்குக் கீழே, கம்பியை ஒரு கையால் பிடித்தபடி, கரிசா உட்கார்ந்திருந்தாள். பாவும் இமெல்டாவுமாகத் தூக்கி நிறுத்தியதும் அந்தப் பெண் இமெல்டாவின் கறுப்பு அங்கியிலேயே வாந்தி எடுத்தாள். அதற்கப்புறம் பெரிதாக ஒரு மூச்சு இழுத்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் இமெல்டா தரையில் உட்கார்ந்தாள்.

“நீங்கதானா அது?” என்றாள் கரிசா.

“நான்தான்.”

“என் பேரு எப்படித் தெரியும்?”

“உன் தோழி கத்தினா. மூச்சு விடு. அப்புறம் பேசலாம்.”

ரயில் பக்கம் நின்றவர்கள் நிலைமை இன்னும் மோசம். பெட்டிகளின் கீழே நுழைந்து வெளியேறியவர்கள் காயமில்லாமல் தப்பித்தார்கள். சிலருக்கு விலா எலும்பு முறிந்தது. தச்சு வேலை செய்கிற ஒரு பெரிய ஆள், தன் மகனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்று நினைவிழந்துவிட்டார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் கண் திறந்ததாக டேரில் வந்து சொன்னான். சொல்லிவிட்டு உடனே போகாமல் நின்றான். வாக்கி-டாக்கிக்கு இப்போது லைன் கிடைத்திருந்தது.

“சந்தை எப்பத் திறக்கலாம்னு கேக்கறாங்க.”

இமெல்டா கரிசாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். “என்ன சொன்னே?”

“இன்னைக்கு இல்லன்னு சொன்னேன். அப்போ நாளைக்குன்னாங்க.”

மறுநாள் சந்து திறந்தது. வாசலில் ஆள் போட்டு எண்ணி அனுப்பினார்கள். ரயிலை அந்த வாரம் மட்டும் ஓட்டவில்லை. விதவையின் அங்கியைத் துவைத்து வைத்திருந்தார்கள். இமெல்டா அதைத் தொடவில்லை.

“நீ இல்லாம விதவை எப்படி?” என்றான் டேரில்.

“ரப்பரை ஒட்டினா எல்லாரும் விதவைதான். என்னைக் கேட்ல போடு.”

“கேட்லயா? அங்க உன்னை யாரு பார்ப்பாங்க?”

“யாரும் பார்க்க வேணாம்.”

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு அக்டோபரிலும் அவள் தண்டவாளக் கேட்டில்தான் நிற்கிறாள். மஞ்சள் மேல்சட்டை, கையில் டார்ச். யாரும் அவளைப் படம் எடுப்பதில்லை. ஜன்னலில் இப்போது வேறொரு பெண் நிற்கிறாள். குரல் நல்ல குரல் என்று இமெல்டாவே சொல்வாள். ஆகஸ்ட் பயிற்சிக்கு இப்போதும் அவள்தான் போகிறாள். பின்னாலிருந்து பயமுறுத்து என்றுதான் இப்போதும் சொல்கிறாள். முதலில் காலைப் பாருங்கள், கால் நகரவில்லை என்றால் முகமூடியைக் கழற்றுங்கள் என்று கூடவே சொல்கிறாள். சின்னவர்கள் தலையாட்டுகிறார்கள். அதில் எத்தனை பேருக்கு அது விளங்கியது என்று அவளுக்குத் தெரியாது.

கூட்டம் குறையவில்லை. விதவை ரப்பர் தோலை உரித்தெடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு வருகிறவர்களே ஏராளம். அதை நல்ல நடிப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறார்கள்.

இந்த வருஷம், காற்றில்லாத ஒரு சனிக்கிழமை. ரயில் வளைவில் விசில் கொடுத்தது. இமெல்டா கேட்டை இறக்கக் கையை வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு டார்ச்சைத் தூக்கி ரயிலின் பக்கம் ஆட்டினாள். எஞ்சின் கிரீச்சிட்டு நின்றது.

“என்னம்மா, என்ன ஆச்சு?” என்று ஓட்டுநர் எட்டிப் பார்த்துக் கத்தினார். “பின்னாடி அடுத்த வண்டி வருது.”

“வரட்டும். கொஞ்சம் இரு.”

“எதுக்குன்னு சொல்லு.”

ஒரு கை டார்ச்சோடு உயர்ந்திருக்க, அவள் தலையைச் சந்தின் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றாள். புகைக்குள்ளிருந்து இன்னும் ஒருவரும் அலறவில்லை.